ஃபார்மட் அடிக்கும் முன்

“டி டிரைவ்ல எல்லாம் பத்திரமா கெடக்கு. சி-ய மட்டும் ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் குடுங்க.” பாளையங்கோட்டையில் வீடுகளுக்குப் போய்க் கணினி பழுது பார்க்கிற எனக்கு அதிகம் வரும் வேண்டுகோள் இதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திய பிறகு இன்னும் கூடிவிட்டது. கேட்பவர்கள் முழு நம்பிக்கையோடுதான் கேட்கிறார்கள். நான் உடனே ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகுவதில்லை. நாற்காலியில் அவர்களையே உட்காரவைத்து, “தினமும் இதுல என்ன செய்வீங்களோ, அதை அப்படியே செஞ்சு காட்டுங்க” என்கிறேன். பக்கத்தில் நின்று பார்க்கிற அந்த நேரத்தில் தெரிந்துகொள்வதுதான் பேக்கப்பில் பாதி வேலை.

முதலில் டெஸ்க்டாப்பில் இருக்கிற எக்செல் ஃபைல் ஒன்றைத் திறப்பார்கள். வீட்டுக் கணக்கு அதில்தான் இருக்கும். டவுன்லோட்ஸில் வில்லங்கச் சான்றும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் கிடக்கும். டாகுமென்ட்ஸில் போன வாரம் எழுதிய மனு. இவை அத்தனையும் சி டிரைவில், யூசர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருப்பவை. டி என்பது கணினி வாங்கிய புதிதில் கடைக்காரர் பிரித்துக் கொடுத்தது. அதில் பழைய கல்யாண வீடியோவும் பாட்டுகளும் இருக்கும். நேற்று செய்த வேலை முழுக்க சி-யில். அதோடு, பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும்.

ஆனால் இடம் தெரியாமல் விட்டுப்போகிற ஃபைல்கள்கூட எனக்குப் பெரிய கவலை இல்லை. தேடினால் கிடைத்துவிடும். ஃபைலை முழுதாக எடுத்துவைத்த பிறகும் அது திறக்காமல் போவதுதான் கவலை. ஒரு ஃபைலைத் திறந்து படிக்க அதற்குப் பக்கத்தில் வேறு பல இருந்தாக வேண்டும்: ஒரு ஃபாண்ட், ஒரு மென்பொருள், ஒரு பாஸ்வேர்டு, ஒரு லைசென்ஸ். ஃபார்மட் அழிப்பது இவற்றை. அதனால் பேக்கப் எடுத்ததை அதே கணினியில் திறந்து பார்ப்பதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்வதில்லை. அந்தக் கணினியில் அந்த ஃபைல் திறக்கத்தான் செய்யும். அதற்கு வேண்டிய எல்லாம் அங்கே இருக்கிறது. என் பையில் எப்போதும் ஒரு பழைய லேப்டாப் இருக்கும். விண்டோஸும் வேர்டும் தவிர அதில் எதையும் போட்டுவைக்க மாட்டேன். எடுத்த பேக்கப் அந்த வெறும் லேப்டாப்பில் திறக்க வேண்டும். திறக்காத எதுவும் இன்னும் எடுக்கப்படவில்லை என்றுதான் கணக்கு.

இதன் அருமை தமிழில் எழுதுகிறவர்கள் வீட்டில்தான் முழுதாகத் தெரியும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வட்டார வழக்குச் சொற்களைப் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறார். ஊர் ஊராகக் கேட்டுக் குறித்ததைத் தானே உட்கார்ந்து தட்டச்சு செய்தவர். கணினி மிகவும் மெதுவாகிவிட்டது என்று கூப்பிட்டார். “எல்லாம் டி-ல ‘நூல்’னு ஒரு ஃபோல்டர்ல கெடக்கு தம்பி. அது ஒண்ணு போதும்” என்றார். அந்த ஃபோல்டரை எடுத்து என் லேப்டாப்பில் ஒரு ஃபைலைத் திறந்தேன். பக்கம் முழுக்க ஆங்கிலச் சிறிய எழுத்துகள். இரண்டெழுத்துக்கு ஒரு அரைப்புள்ளி. எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

“என்ன தம்பி, எல்லாம் போச்சா?”

“எதுவும் போகல ஐயா. ஃபாண்ட் இன்னும் வரல, அவ்வளவுதான்.”

அவர் எழுதியது பாமினியில். யூனிகோடு பரவலாகும் முன் வந்த தமிழ் ஃபாண்டுகள் செய்தது இதுதான்: ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் எழுத்துகளின் வடிவங்களை வரைந்து வைத்தன. ஃபைலுக்குள் உண்மையில் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்து; அதைத் தமிழாகக் காட்டுவது ஃபாண்ட். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளியின் இடத்தில். அதனால்தான் ஃபாண்ட் இல்லாத கணினியில் ஒவ்வொரு க், ச், ட்-க்கும் ஒரு அரைப்புள்ளி வந்து நிற்கிறது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் அதற்கு முன்பும், அதற்குப் பின் பழக்கத்தினாலும் எழுதிக் குவித்த பக்கங்கள் வீடுகளிலும் அச்சகங்களிலும் பள்ளி அலுவலகங்களிலும் அப்படியே இருக்கின்றன. ஃபாண்டை எடுக்காமல் அந்த வேர்டு ஃபைலை மட்டும் எடுத்துவைத்தால், எழுதியவருக்கே அது படிக்க வராது.

ஐயாவிடம் பாமினி மட்டும் இல்லை. பள்ளிச் சுற்றறிக்கைகளோடு வந்த வானவில் அவ்வையார் சில ஃபைல்களில். தலைப்புகளுக்கு அச்சகத்தில் யாரோ போட்டுக் கொடுத்த பெயர் தெரியாத ஒன்று. எந்த ஃபைலுக்கு எந்த ஃபாண்ட் என்று ஒவ்வொன்றாகத் திறந்து தேடுவது தலைவலி. வேர்டிலேயே அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் ஃபாண்ட் சப்ஸ்டிட்யூஷன் என்ற பொத்தான் வரும். திறந்திருக்கும் ஃபைல் கேட்பதில் இந்தக் கணினியில் இல்லாத ஃபாண்டுகளின் பெயர்களை அது பட்டியலாகக் காட்டிவிடும். வெறும் லேப்டாப் ஒன்று கையில் இருப்பதன் பயன் இதில்தான் தெரியும். அவர் கணினியில் அந்தப் பொத்தானை அழுத்தினால் எல்லாம் இருக்கிறது என்று வரும். என் லேப்டாப்பில் அழுத்தினால் என்னென்ன இல்லை என்று வரும். அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டு போய் அவர் கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸில் ஒவ்வொன்றாக எடுத்தேன். அங்கே கிடைக்காதது அவர் பெயரில் இருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருந்தது. விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளில் ஃபாண்டை இன்ஸ்டால் என்று சாதாரணமாகக் கொடுத்தால், அந்த ஒரு பயனருக்கு மட்டும் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். மறைந்திருக்கும் ஃபோல்டர் என்பதால் பலர் அதை விட்டுவிடுவார்கள்.

எல்லாவற்றையும் என் லேப்டாப்பில் போட்டுத் திறந்தோம். ‘அ’ வரிசை தமிழாக வந்தது. அவர் தானே உட்கார்ந்து ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, நடுவில் ஒரு பக்கம், கடைசியில் ஒரு பக்கம் என்று படித்துப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த ஃபைலில் என்ன இருக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். என்னால் அது திறக்கிறதா என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இன்னொன்றும் செய்துவிட வேண்டும். முக்கியமான ஃபைல்களை அங்கிருந்தே பிடிஎஃப் ஆக்கி வைப்பது. ஃபாண்ட் பிடிஎஃபுக்குள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கே திறந்தாலும் எழுதியபடி தெரியும். திருத்த முடியாது, படிக்கலாம், அச்சிடலாம். யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இருக்கின்றன, நல்லவையும் இருக்கின்றன. ஆனால் மொத்த ஃபைலையும் மாற்றினால் நடுவில் இருக்கிற ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிடும். ஆகவே மாற்றியதை மாற்றியதாக வைத்துக்கொள்ளலாம்; மூலத்தை ஒருபோதும் தூக்கிப் போடக் கூடாது. பேஜ்மேக்கரில் வடிவமைத்த புத்தகம் இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு புதிய பதிப்புகள் நின்றுபோன மென்பொருள் அது, யூனிகோடே தெரியாதது. அதைத் திறக்கிற கணினி இன்று இருக்கிறது என்பதே பெரிய விஷயம்.

விசைப்பலகையையும் பேக்கப்பில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஐயா பழைய தமிழ்த் தட்டச்சு முறையில் அடிப்பவர். புது விண்டோஸில் தமிழைச் சேர்த்தால் வருவது வேறு விசைப்பலகை. அவருடைய விரல்கள் அங்கே வேலை செய்யாது. எந்த மென்பொருளில் அடிக்கிறார், எந்த விசையை அழுத்தித் தமிழுக்கு மாறுகிறார் என்பதையெல்லாம் அழிப்பதற்கு முன் எழுதி வைத்துக்கொள்கிறேன். டெஸ்க்டாப்பையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வேன்.

பாஸ்வேர்டு விஷயத்தில் யாரையும் நம்பி முன்னேறக் கூடாது. குரோமில் சேமித்த பாஸ்வேர்டுகள் அந்த விண்டோஸ் கணக்கின் சாவியால் பூட்டப்பட்டவை. குரோமின் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து புது விண்டோஸில் வைத்தாலும் அவை திறக்காது. கூகுள் கணக்கோடு சிங்க் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் முன்கூட்டியே எக்ஸ்போர்ட் செய்திருக்க வேண்டும். எக்ஸ்போர்ட் செய்த ஃபைலில் எல்லாம் வெளிப்படையாக எழுதியிருக்கும் என்பதால் வேலை முடிந்ததும் அதை அழித்தாக வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் ஜிமெயில். பல வருடங்களாக அந்த ஒரு கணினியில் மட்டும் லாகின் ஆகி இருக்கும். பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இருக்காது. ஓடிபி போக வேண்டிய எண் எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்முடையது. ஃபார்மட் செய்த மறுநிமிடம் அந்தக் கணக்குக்குள் போக வழி இருக்காது. அதனால் என் லேப்டாப்பில் அவர்களையே லாகின் செய்து காட்டச் சொல்வேன். முடியவில்லை என்றால் பழைய கணினியில் திறந்திருக்கும் கணக்குக்குள் போய் எண்ணையும் பாஸ்வேர்டையும் மாற்றிய பிறகுதான் மேற்கொண்டு வேலை.

கடை வைத்திருப்பவர் வீடு என்றால் டேலி என்ற கணக்கு மென்பொருள். அதன் இஆர்பி 9 பதிப்பில் ஒவ்வொரு நிறுவனத்தின் கணக்கும் 10000, 10001 என்று எண் பெயருள்ள ஃபோல்டராகக் கிடக்கும். பெயரைப் பார்த்துத் தேடுகிறவர் கண்ணில் படாது. லைசென்ஸை அழிப்பதற்கு முன்பே சரண்டர் செய்துவிட வேண்டும். புது லேப்டாப்புகளில் பிட்லாக்கர் பூட்டு தானாகவே போட்டிருக்கலாம். 48 இலக்கச் சாவி கையில் இல்லாமல் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எதுவும் தெரியாது. ஒன்டிரைவில் மேக அடையாளம் போட்ட ஃபைல் கணினியில் இல்லை, பெயர் மட்டும்தான் இருக்கிறது. அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் ஆரம்ப காலத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தப் பக்கம் சேமித்த எதையும் விண்டோஸின் எக்ஸ்ப்ளோரர் காட்டாது.

காப்பி எடுப்பதற்கு முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்துவிடுவேன். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ‘கரன்ட் பெண்டிங் செக்டர்’ என்ற வரியில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால், படிக்கத் திணறும் இடங்கள் இருக்கின்றன என்று பொருள். அந்த நிலையில் செக்டிஸ்க் ஓட்டிச் சரிசெய்யப் பார்ப்பது தவறு. அது டிஸ்க்கை மேலும் அலைக்கழிக்கும். முதலில் சிறியதும் முக்கியமானதுமான ஃபைல்கள், பிறகு படங்கள், கடைசியில்தான் வீடியோ. மிகவும் மோசம் என்றால் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ. சுலபமாகப் படிக்க வரும் பகுதிகளை எல்லாம் முதலில் எடுத்துவிட்டு, திணறும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எதுவரை வந்தது என்று குறித்தும் வைத்துக்கொள்ளும்.

டிஸ்க் நன்றாக இருந்தால் ரோபோகாப்பி. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து கூடவே வருகிற கட்டளை. எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் நடுவில் ஒரு பெட்டி வந்து ஸ்கிப் செய்யட்டுமா என்று கேட்கும். பக்கத்தில் இருக்கிற யாராவது சரி என்று அழுத்திவிட்டால் எது விட்டுப்போனது என்று பிறகு தெரியாது. ரோபோகாப்பி கடைசியில் கணக்கு எழுதிவைக்கும். ‘ஃபெயில்டு’ என்ற கட்டத்தில் பூஜ்யம் வரவேண்டும். அதில் மூன்றைக் கவனிக்க வேண்டும். தன் இஷ்டத்துக்கு விட்டால், படிக்க வராத ஃபைலை எடுக்க அது 10 லட்சம் முறை முயலும், ஒவ்வொரு முறைக்கும் நடுவே 30 நொடி காத்திருக்கும். அந்த எண்களை 1, 1 என்று மாற்றித்தான் ஓட்ட வேண்டும். மிரர் என்ற சுவிட்சைப் போடக் கூடாது. பெறும் பக்கத்தில் கூடுதலாக இருப்பதை அது அழித்துவிடும். டி டிரைவை மொத்தமாக ஒரு ஃபோல்டருக்குள் எடுத்தால் அந்த ஃபோல்டரே மறைந்ததாகிவிடும். உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் திறந்து பார்ப்பவருக்கு டிஸ்க் காலி என்றுதான் தோன்றும்.

எடுக்கிற டிஸ்க் எஃப்ஏடி32-ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ அங்கேதான் நிற்கும். விண்டோஸ் 7 தமிழில் பெயர் வைத்த ஃபைலை ஜிப் செய்ய மறுக்கும். பொதுவாகவே ஜிப் செய்யாமல், ஃபோல்டர்கள் இருந்தபடியே எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஓரிடத்தில் பிழை வந்தாலும் மற்றவை தப்பும்.

இவ்வளவு கவலைப்பட ஒரு காரணம் எஸ்எஸ்டி. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் குயிக் ஃபார்மட் செய்தால் அழிவது பெரும்பாலும் பட்டியல்தான். ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளால் ஓரளவு தேடி எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மட் செய்ததுமே அந்த இடங்கள் வேண்டாதவை என்று டிரிம் கட்டளை சொல்லிவிடும். எஸ்எஸ்டிக்குள் இருக்கிற கன்ட்ரோலர் அவற்றைத் துடைத்துவிடும். திரும்ப எடுக்க வழி அநேகமாக இல்லை.

என்னைக் கேட்டால், அழிக்காமல் இருக்க வழி இருந்தால் அழிக்கவே வேண்டாம். ஐயா வீட்டில் அதைத்தான் செய்தோம். அவர் கணினி மெதுவானதற்குக் காரணம் பழைய ஹார்ட் டிஸ்க். ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் விண்டோஸ் போட்டோம். பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றிப் பெட்டியில் போட்டு அவர் பீரோவில் வைத்தாயிற்று. காப்பி வேறு, மூலம் வேறு என்று இரண்டும் கையில் இருக்கின்றன. இரண்டாவது டிஸ்க்குக்கு வசதி இல்லாதபோது, குளோன்ஜில்லாவில் மொத்த டிஸ்க்கையும் இமேஜாக எடுத்துவிடுவேன். மறந்த ஒரு ஃபாண்டைப் பின்னொரு நாள் அதிலிருந்து தோண்டி எடுத்துவிடலாம். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் சொல்லிப் பரவிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே. வெளியே வைப்பதற்கு ஐயா தன் மகள் வீட்டைச் சொன்னார். பிடிஎஃப்களும் ஃபாண்டுகளும் ஒரு பென் டிரைவில் அங்கே போயின.

அழித்தே ஆக வேண்டும் என்றால், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் திரைக்கு முன் இரண்டு காரியம். பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட வேண்டும். டி டிரைவுக்கு ஒரு பெயர் கொடுத்து வைக்க வேண்டும். ஏனென்றால் அந்தத் திரை சி, டி என்று காட்டாது. டிரைவ் 0 பார்ட்டிஷன் 3 என்று எண்ணும் அளவும் மட்டும் காட்டும். கொடுத்த பெயர் மட்டும் அங்கேயும் தெரியும். வைஃபை டிரைவரும், பழைய பிரின்டரின் டிரைவரும் தனியாகப் பென் டிரைவில் இருக்கட்டும். நம் ஊரில் கேனான் எல்பிபி 2900 இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

திரும்ப ஏற்றும்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுவதில்லை. பழைய ஆப்டேட்டாவைப் புது விண்டோஸின் மேல் போடவே கூடாது. முதலில் ஃபாண்ட், பிறகு விசைப்பலகை, பிறகு மென்பொருள்கள், பிறகுதான் ஃபைல்கள், அவை இருந்த அதே இடத்தில். எக்செல் ஐகான் டெஸ்க்டாப்பில் இடது பக்கம் மேலே இருந்தது என்றால் அங்கேயே. பிறகு மறுபடியும் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து அன்றாட வேலையைச் செய்யச் சொல்வேன். ஐயா தட்டச்சு செய்து பார்த்தார், ஒரு பக்கம் பிரின்ட் எடுத்தார், மகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தமிழுக்கு மாறும் விசை முதலில் வேறாக இருந்தது, மாற்றிக் கொடுத்தேன்.

என் டிஸ்க்கில் தற்காலிகமாக எடுத்த பிரதி எதுவும் இருந்தால், வீட்டுக்காரர் கண் முன்னால் அழிக்கிறேன். குடும்பத்துப் படங்களும் வங்கிக் கணக்குகளும் இருக்கிற ஃபோல்டர் என் பையில் ஊர் சுற்றக் கூடாது. பிரதி அவர்களுடைய டிஸ்க்கில் இருக்க வேண்டும். அதன் மேல் தேதியும் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவேன். தினமும் திறக்கிற ஃபைல் இல்லையென்றால் மறுநாளே தெரிந்துவிடும். ஜூலையில் வருமான வரிக்குத் தேடுகிற ஃபைல் ஜூலையில்தான் தெரியும். வீட்டு வரி ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி, பள்ளிச் சேர்க்கைக்கு வேண்டிய சான்றிதழ், இவையெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்கப்படுகிறவை. அந்தச் சுற்று ஒருமுறை முழுதாக முடிந்த பிறகு, வேண்டுமானால் அந்த டிஸ்க்கை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.